மொல்ஸ் மலைகளில் அக்காவுடன்

டென்மார்க்கில் மலையே கிடையாது என்று முப்பது வருடங்களாகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தது என் அக்காதான். "இஞ்சை எல்லாம் தட்டை, ரதி. வட்டக்கச்சி வயல் மாதிரித்தான்" என்பாள். அந்தத் தட்டை நாட்டிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வருவதற்கான ஆயத்தங்களைச் செய்யத்தான் தை மாதத்தில் நான் அவள் இருக்கும் இக்காஸ்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அத்தான் இறந்து இரண்டு வருடங்களாகின்றன. மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். வசந்தியக்கா அந்தச் சிறிய நகரத்தில், வயோதிபர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்துகொண்டு தனியே இருக்கிறாள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் அண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் தொலைபேசியில் கூட்டி முடிவெடுத்தார். சித்திரையில் அக்கா வேலையை விட்டுவிட்டுக் கிளிநொச்சிக்கு வந்து என்னோடு இருப்பது. நான் கல்யாணம் கட்டவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் நானும் ஒரு நாயும்தான். அக்காவும் "ஓம்" என்றாள். எதைக் கொண்டுவருவது, எதை அங்கேயே கொடுத்துவிடுவது என்று பார்த்துக் கட்ட மூன்று கிழமை விடுப்பில் நான் போனேன்.

முதல் மூன்று நாளும் மழை. காலை ஒன்பது மணிக்கும் வெளிச்சம் வராது. பின்னேரம் நாலரைக்கு அதுவும் போய்விடும். அக்கா வேலைக்குப் போன நேரங்களில் நான் குடையோடு கடைத்தெருவுக்குப் போனேன். எதிரே வந்தவர்களில் ஒருவர்கூட குடை பிடிக்கவில்லை. தலையைச் சற்றே குனிந்துகொண்டு, மழை யாருக்கோ பெய்வதுபோல் நடந்தார்கள். ஒரு கடையில் கறுப்புப் பாண் வாங்கினேன். செங்கல் நிறை, புளிப்பு, உள்ளே முழுத் தானியங்கள். என் ஊர் மாடுகளுக்கு நான் சிபாரிசு செய்யும் கலவைத் தீனியின் மணம் அதில் இருந்தது. நான் கால்நடை உத்தியோகத்தர்; பாராட்டாகத்தான் சொல்கிறேன். இரண்டாம் நாளே அதில் கத்தரிக்காய்ப் பொரியலை வைத்துத் தின்னப் பழகிவிட்டேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டிலை ஒதுக்கினோம். சைக்கிள்களுக்குப் பின்னால், துணியால் சுற்றி, இரண்டு நீண்ட கட்டைகள் சுவரில் சாய்ந்திருந்தன. துணியை விலக்கினேன். பனிச்சறுக்குக் கட்டைகள். இங்கே எல்லோரும் ஸ்கீ என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

"இது ஆற்றை?"

"என்ரை."

"உன்ரையோ?"

"ஓம். ஏன், எனக்குக் கால் இல்லையே?"

மகன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வகுப்போடு நோர்வே மலைக்குப் போனார்களாம். அவனுக்கு இழுப்பு வருத்தம். அதனால் துணைக்கு ஒரு பெற்றோராக அக்கா போயிருக்கிறாள். அறைக்குள் இருந்து சூப் காய்ச்சலாம் என்று நினைத்துப் போனவளின் காலிலும் ஆசிரியர் ஸ்கீயை மாட்டிவிட்டார். அடுத்த வருடத்திலிருந்து மாசி மாதத்தில் ஒரு கிழமை, வேலையிடத்துத் தோழி கிர்ஸ்டனோடு அவளாகவே போகத் தொடங்கினாள். மாசி மாதம் எங்களுக்குத் தொலைபேசி எடுத்தால் "கோர்ஸுக்குப் போறன்" என்பாள். இவ்வளவு கோர்ஸ் படித்தும் ஏன் இவளுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை என்று அண்ணைக்குப் பல வருடக் கவலை.

"அத்தானுக்குத் தெரியுமோ?"

"அவர்தான் கொத்துரொட்டி கட்டித் தந்து விடுறவர்."

அத்தான் படுக்கையில் விழுந்த பிறகு அவள் நோர்வேப் பக்கம் போகவில்லை. "உதை ஆருக்கும் குடுக்கோணும். கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் என்ன செய்யிறது" என்று சொல்லித் துணியைத் திரும்பச் சுற்றினாள். சுற்றிய விதம் மெதுவாக இருந்தது. நான் அதைக் கவனித்தேன். ஆனால் அதற்குமேல் யோசிக்கவில்லை.

அன்றிரவு மழை பனியாக மாறியது. காலையில் திரையை விலக்கியபோது எனக்கு நேரம் பிழைத்துவிட்டதோ என்று தோன்றியது. அவ்வளவு வெளிச்சம். வேலி இல்லை, வீதி இல்லை, பக்கத்து வீட்டுக் கார் ஒரு மேடாகிக் கிடந்தது. அக்கா குசினியில் நின்று டேனிஷில் யாரோடோ வேகமாகக் கதைத்தாள். சிரித்தாள். தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எனக்கு இண்டைக்கு லீவு. கிர்ஸ்டன்ரை முழங்கால் சரியில்லை, அவள் வரேல்லையாம். அவளின்ரை ஸ்கீயும் சப்பாத்தும் உனக்கு அளவா இருக்கும். வெளிக்கிடு."

"எங்கை?"

"மலைக்கு."

"இஞ்சை மலை இல்லையெண்டாய்."

"இருக்கு. சின்னது. வெளிக்கிடு ரதி, இது நாளைக்கு நிக்குமோ தெரியாது."

அவளை அப்படி அவசரப்பட்டு நான் கண்டதில்லை. ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டராக எனக்கு மாட்டி, கைகளை உயர்த்தச் சொல்லிப் பார்த்து, கிர்ஸ்டன் வீட்டில் சாமான்களை ஏற்றிக்கொண்டு காரை எடுத்தாள்.

நெடுஞ்சாலையில் ஒரு லொறி குறுக்கே திரும்பிக் கிடந்தது. எங்களுக்கு முன்னும் பின்னும் கண்ணுக்கெட்டிய தூரம் வாகனங்கள். எல்லோரும் என்ஜினை நிறுத்தினார்கள். ஒரு ஹோர்ன்கூடக் கேட்கவில்லை. ஊரில், பரந்தன் சந்தியில் இப்படி மறிபட்டிருந்தால் பத்து நிமிடத்தில் பத்துப்பேர் இறங்கி, ஆளுக்கொரு யோசனை சொல்லி, லொறிச் சாரதிக்குப் புத்திமதியும் சொல்லி முடித்திருப்பார்கள். இங்கே ஒரே ஒருவர் இறங்கி வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய பெரியவர், கையில் பெரிய கடதாசிப் பெட்டி. எங்கள் கண்ணாடியைத் தட்டினார். அக்கா மொழிபெயர்த்தாள்: "இண்டைக்குத் தன்ரை பிறந்தநாளாம். தான் வேலை செய்யிற கந்தோருக்கு எண்டு கறுவா பண் வாங்கினவராம். இனிப் போய்ச் சேரேக்கை காலமைக் கோப்பி நேரம் முடிஞ்சு போமாம். எடுக்கட்டாம்." எடுத்தோம். அக்கா அவருக்கு வாழ்த்துச் சொன்னாள். அவர் அடுத்த காருக்குப் போனார். திரும்பி வந்தபோது பெட்டி வெறுமையாக இருந்தது. மனிதர் சந்தோசமாக இருந்தார்.

மொல்ஸ் மலைகள் நாட்டின் கிழக்குக் கரையில் இருக்கின்றன. தேசியப் பூங்கா. மிக உயர்ந்த இடம் நூற்று நாற்பது மீற்றர்கூட இல்லை என்று அக்கா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் நுவரெலியா பார்த்தவள். கார் நிறுத்துமிடத்தில் இன்னொரு கார்கூட இல்லை. இறங்கி நிமிர்ந்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

உருண்டை உருண்டையான மேடுகள், ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு சுவடும் படாமல் வெள்ளையாகப் போய்க்கொண்டே இருந்தன. மேடுகளுக்கிடையில் ஆழமான கிண்ணங்கள்போன்ற பள்ளங்கள். பனியுகத்தில் பனிக்கட்டி தள்ளிக் குவித்த மண்ணாம் இது. மேடு பள்ளம் தவிர வேறு ஏதுமில்லாத இடத்தில் உயரத்தை அளக்க என்ன இருக்கிறது? வீடு இல்லை, மின்கம்பம் இல்லை. முன்னால் நின்ற மேடு நூறு மீற்றரா ஆயிரம் மீற்றரா என்று என் கண்ணால் சொல்ல முடியவில்லை.

அக்கா குந்தியிருந்து என் ஸ்கீயின் அடியில் நீளமான ஒரு பட்டியை ஒட்டினாள். ஒருபக்கமாகத் தடவினால் பூனை முதுகுபோல வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் கையில் குத்திப் பிடிக்கும். இதனால்தான் மேட்டில் ஏறலாம். சப்பாத்தின் முன்நுனி மட்டும்தான் கட்டையில் பூட்டப்படும், குதி தூக்கலாம். "நடக்காதை. காலைத் தூக்காமல் இழு. வீட்டிலை செருப்பை இழுத்து இழுத்து நடப்பாயே, அம்மா பேசுவா, அந்த நடை."

அந்த நடைதான் உதவியது. முதல் மேட்டில் நான்குமுறை விழுந்தேன். இரண்டாவதில் ஒருமுறை. விழுவது நோகாது. எழும்புவதுதான் சங்கடம், கட்டைகள் ஒன்றுக்கொன்று பகையாளிபோல் நிற்கும். அக்கா உதவிக்கு வரமாட்டாள். சற்று மேலே நின்று, "கட்டையைச் சரிவுக்குக் குறுக்கை போடு. ம். இப்ப எழும்பு" என்று மட்டும் சொல்வாள்.

அவள் போவதைப் பார்த்தேன். வீட்டில் அக்கா படியேறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவாள். அறுபதை நெருங்கும் உடம்பு, பாரம் தூக்கித் தேய்ந்த இடுப்பு. இங்கே அந்த இடுப்பு எங்கேயோ போய்விட்டது. ஒரு கால், மறு கால், ஊன்றுதடி, ஊன்றுதடி என்று ஒரே தாளத்தில், சத்தமில்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தாள். மேட்டின் உச்சியில் ஒருகணம் நின்று பட்டிகளை உரித்துச் சட்டைக்குள் வைத்தாள். பிறகு மறுபக்கம் இறங்கினாள். நான் உச்சிக்கு வந்தபோது பள்ளத்தின் மறுகரையில் அவள் சிறிய புள்ளியாக நின்றாள். சரிவில் அவள் வரைந்துவிட்டுப் போன இரண்டு வளைகோடுகள் இருந்தன. அத்தனை நிதானமான கோடுகள். இந்த மனுசியை எனக்குத் தெரியாது என்று அங்கே நின்று நினைத்தேன். கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அந்த இடத்து அமைதியைப்பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்துக் காட்டில் அமைதி என்றால் பூச்சிச் சத்தம். இங்கே நான் மூச்சைப் பிடித்தால் எதுவுமே இல்லை. என் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது.

மூன்றாவது மேட்டுக்கு அப்பால் மாடுகள் நின்றன. பத்துப் பன்னிரண்டு, கறுப்பு, கொம்பில்லாதவை, சுருள் சுருளாக மயிர். கொட்டில் இல்லை, மறைப்பு இல்லை. வருடம் முழுக்க இந்த மலையில்தான் மேயுமாம். தீனும் யாரும் போடுவதில்லையாம். தூரத்தில் நில்லுங்கள் என்று பலகை வைத்திருந்தார்கள். நாங்கள் விலகி நின்றோம். ஒரு மாட்டின் முதுகில் நாலு விரல் கனத்துக்குப் பனி படிந்திருந்தது. அது கரையவில்லை. அதைப் பார்த்து என் கண் நிறைந்துவிட்டது. அக்காவுக்கு விளங்கவில்லை.

"அக்கா, அதின்ரை சூடு ஒரு சொட்டும் வெளியாலை வரேல்லை. அந்த மயிருக்குக் கீழை அது சூடா நிக்குது. பனிக்கு அங்கை ஒரு உயிர் நிக்கிறதே தெரியாது."

வெயிலில் நாக்கைத் தள்ளிக்கொண்டு நிற்கும் மாடுகளுக்குத் தண்ணீர் தெளித்தே என் வேலைக்காலம் போயிருக்கிறது. ஒரு மாடு தலையால் பனியை ஒதுக்கி அடியிலிருந்த காய்ந்த புல்லை இழுத்து மென்றது. விலா எலும்பு தெரிகிறதா என்று பழக்கதோசத்தில் பார்த்தேன். நல்ல மாடு.

உச்சியில் பழங்காலத்து ஈமமேடுகள் மூன்று. அதில் ஒன்றின்மேல் இருந்து தேநீர் குடித்தோம். ஒருபக்கம் வெள்ளை நிலம் அப்படியே இறங்கிப்போய்க் கடலைத் தொட்டது. கடல் ஈயத்தின் நிறம். பனியும் கடலும் ஒன்றையொன்று தொடும் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீயும் அம்மாவும் பங்கருக்கை கிடக்கேக்கை, நான் மலையிலை சறுக்கி விளையாடுறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? பிறகு சண்டை முடிஞ்சுது. அப்ப சொல்லுற நேரம் தப்பிப் போச்சு."

அந்த வருடங்களில் யாராவது எங்கேயாவது சந்தோசமாக இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்குமா, ஆறுதலாக இருந்திருக்குமா? இப்போதும் தெரியவில்லை.

திரும்பும்போது கடல் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறியது. கால்மணி நேரத்துக்குள் மேலும் கீழும் ஒரே வெள்ளை. நான் நிற்கிறேனா நகர்கிறேனா என்பதும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து என் வலதுகால் சப்பாத்தின் அடிப்பாகம் பிளந்து, மீன் வாய்போல் திறந்துகொண்டது. பழைய சப்பாத்து, பசை காய்ந்துவிட்டது. அக்கா தன் தடியில் சுற்றி வைத்திருந்த தடித்த ஒட்டுப்பட்டியை உரித்து இறுக்கிச் சுற்றினாள். கொஞ்சத் தூரம் போனது. பிறகு அடிப்பாகம் ஸ்கீயோடு முன்னே போக, நான் பின்னே நின்றேன். காலுறை நனைந்தது. விரல்கள் முதலில் எரிந்தன. பிறகு எரியாமல் விட்டன.

"அக்கா, எனக்குக் கால் தெரியேல்லை."

அவள் கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தாள். "பயப்பிடாதை. எப்பிடிப் போனாலும் றோட்டு, இல்லாட்டிக் கடல். காத்து எனக்கு இடது கன்னத்திலை படுது. ஏறேக்கை வலதிலை பட்டது. அதை விடாமல் பிடிச்சுக்கொண்டு போனால் கீழை வீடு வரும்." குந்தி, என் நனைந்த காலுறையைக் கழற்றி, தன் கம்பளித் தொப்பியைக் காலில் மாட்டி, அதன்மேல் சப்பாத்தின் மிச்சத்தை வைத்துக் கட்டினாள். தன் ஸ்கீயையும் கழற்றித் தோளில் போட்டாள். "என்ரை அடியிலை அடி வை. வேற எங்கையும் வையாதை."

முழங்கால்வரை புதையும் பனியில் அவள் மிதித்த குழிகளில் மிதித்து இறங்கினேன். அவளுடைய நரைத்த தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை நான் தடுக்கியபோதும் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை, நான் நிமிர்ந்த சத்தம் கேட்டபின் நடந்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு மஞ்சள் யன்னல் தெரிந்தது.

கதவைத் திறந்தவர் ஒரு முதியவர். பின்னால் அவர் மனைவி எல்சே. நாங்கள் யார் என்று கேட்கவில்லை. எல்சே என் காலைப் பார்த்தார், என்னைக் கதிரையில் இருத்தினார், என் பாதங்களைத் தன் மடியில் வைத்துக் கைகளால் பொத்திப் பிடித்துக்கொண்டார். அரைமணி நேரத்தில் விரல்கள் ஊசி குத்துவதுபோல் வலிக்கத் தொடங்கின. நல்லது, நல்லது என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

மேசையில் மஞ்சள் பருப்பு சூப் வந்தது. மணமும் நிறமும் எங்கள் பருப்புக் கறிதான். கரண்டியை எடுத்தேன்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள் அக்கா தமிழில். "அது பண்டி இறைச்சி போட்டு அவிச்ச தண்ணி. நீ பாணைச் சாப்பிடு."

நான் பாணும் பாற்கட்டியும் சாப்பிட்டேன். அவள் சூப்பை இரண்டுதரம் வாங்கிக் குடித்தாள். சாப்பிட்டு முடிந்ததும் எல்சேயைப் பார்த்துச் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னாள். இங்கே பிள்ளைகள்கூடச் சொல்லுவார்களாம். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அக்காவும் அந்த முதியவரும் நெருப்படுப்புக்குப் பக்கத்தில் என் சப்பாத்தைப் புரட்டிப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எல்சே என்னிடம் மெல்லிய குரலில் சொன்னார்: "உங்கள் அக்கா சித்திரையில் இலங்கைக்குப் போய்விடுகிறாராமே. நல்லது என்றேன். என் கணவருக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குத் திகதி வந்தபோது அவர் முகத்தை எப்படி வைத்திருந்தாரோ, உங்கள் அக்காவும் அப்படித்தான் வைத்திருந்தார்."

முதியவர் எங்களைத் தன் உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் ஏற்றிக் கார்வரை கொண்டுவந்து விட்டார். காரில் சூடு ஏறும்வரை நான் காத்திருந்தேன்.

"அக்கா, நீ வரத்தான் வேணுமோ?"

"எல்லாரும் சேந்து எடுத்த முடிவுதானே."

"அந்த எல்லாரிலை நீயும் நிக்கிறியோ?"

அவள் வீதியைப் பார்த்தபடி ஓட்டினாள். "நீ தனிய இருக்கிறாய். அம்மாவைக் கடைசி வரைக்கும் நீதான் பாத்தனி. நான் காசு மட்டும் அனுப்பினனான். இப்ப நீ தனிய இருக்கேக்கை, வரமாட்டன் எண்டு என்னெண்டு சொல்லுறது?"

அவள் தனியே இருக்கிறாள் என்று நாங்கள் கவலைப்பட்டோம். அவள் நான் தனியே இருக்கிறேன் என்று தலையாட்டியிருக்கிறாள். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஓம், தனியத்தான் இருக்கிறன். நீ வந்தால் எனக்குச் சந்தோசம். காலமை எழும்பினால் கதைக்க ஒரு ஆள். அதை நான் எத்தினை மாசமா நினைச்சுக்கொண்டிருக்கிறன் தெரியுமே? ஆனால் இண்டைக்கு உன்னைப் பாத்திட்டன். இனி எனக்காக வா எண்டு கேக்கமாட்டன்."

அவள் காரை ஒரு எண்ணெய் நிரப்புமிடத்தில் ஒதுக்கி நிறுத்தினாள். ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு அவள் உள்ளே போய் இரண்டு கோப்பி வாங்கிவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை தொலைபேசி எடுத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். வேலையிடத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்றா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. இதை அவள்தான் சொல்லவேண்டும்.

"அண்ணை, நான் வரேல்லை. வந்து நிண்டிட்டுப் போவன். ஆனால் இருக்க வரேல்லை. என்ரை சீவியம் இஞ்சைதான்."

அண்ணை கேட்டார்: "ரதி என்ன சொல்லுறாள்?"

"அவள் சொல்லுறதுதான் அண்ணை" என்றேன்.

அண்ணை வைத்துவிட்டார். ஒருமணி நேரத்தில் திரும்ப எடுத்தார். அங்கே எவ்வளவு குளிர், வீட்டில் சூடாக்கி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கேட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசியாக, கோர்ஸ் என்று சொல்லிக்கொண்டு போனது எங்கே என்பதையும் சொன்னாள். அப்போது தொலைபேசியைக் காதோடு வைத்திருந்ததால், அதற்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை மழை திரும்ப வந்தது. செவ்வாய் காலையில் பனி முழுவதும் போய்விட்டது. பச்சைப் புல், சேற்று வீதி, குடையில்லாமல் குனிந்து நடக்கும் மனிதர்கள். அப்படியொன்று நடந்ததற்கு அடையாளமே இல்லை. அக்கா கொட்டிலில் ஸ்கீக்களைத் துடைத்து, அடிப்பக்கத்துக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

"வருசத்திலை எத்தினை நாள் இப்பிடிக் கொட்டும்?"

"சில வருசம் ஒரு கிழமை. சில வருசம் ஒண்டுமில்லை."

"இனி எப்ப?"

"தெரியாது" என்றாள் அக்கா, மெழுகிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொட்டேக்கை நான் இஞ்சை நிக்கவேணும்."